அமைதியான பேஷண்ட்

"உங்க அம்மா ரொம்ப அமைதியான பேஷண்ட். எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

நான்காம் நாள் காலையில் டியூட்டி டாக்டர் இப்படிச் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கட்டுரையை அந்தப் பெருமைக்கு எதிராகத்தான் எழுதுகிறேன்.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. நிமோனியாவோடு ஐசியுவில் சேர்க்கப்பட்ட அம்மாவுக்கு அப்போது 67 வயது. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர். ராத்திரியெல்லாம் கத்தினார், டியூபைப் பிடுங்கினார், "என்னைய வீட்டுக்கு விடுங்கடா" என்று கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தார். அவருக்காக மூன்று பேர் ஓடினார்கள், மனநல மருத்துவரை வரவழைத்தார்கள். என் அம்மா கண்ணைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஊசி என்றால் கையை நீட்டினாள். வாயைத் திற என்றால் திறந்தாள். நல்ல பேஷண்ட்.

ஐந்தாம் நாள் மாலை, எங்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஐந்து நிமிடத்தில், அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து "நான் யாரும்மா?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"ஏ புள்ள, தண்ணி வந்துருச்சு. சத்தம் கேக்குதுல்ல? கொடத்தத் தூக்கு."

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வருவது அதிகாலை மூன்று மணிக்கு. தண்ணீருக்கு முன்னால் காற்று வரும், புஸ்ஸென்று இரையும். நாற்பது வருடமாக அந்தச் சத்தத்துக்கு எழுந்து பழகியவள் அவள். ஐசியுவில் ஆக்சிஜனின் இரைச்சலை அவள் குழாயின் இரைச்சலாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஐந்து இரவுகளாகத் தண்ணீர் வந்துகொண்டே இருந்திருக்கிறது, அவளால் எழுந்து குடம் வைக்க முடியவில்லை. இதைத்தான் அவர்கள் அமைதி என்றார்கள்.

இதற்கு மருத்துவத்தில் டெலிரியம் என்று பெயர். கடும் நோயில் மூளை திடீரெனத் தடுமாறிப்போகும் நிலை. நாள் தெரியாது, இடம் தெரியாது, ஆள் தெரியாது. இதில் கத்துகிற, பிடுங்குகிற வகை ஒன்று. ஒடுங்கிப்போய்ப் பேசாமல் கிடக்கிற வகை இன்னொன்று. இரண்டும் மாறி மாறி வருவதும் உண்டு. கத்துகிற வகை எல்லார் கண்ணிலும் படும். ஒடுங்கிய வகைதான் அதிகமாகத் தவறவிடப்படுகிறது. டெலிரியம் வந்தவர்களுக்கு மருத்துவமனையில் தங்கும் நாட்கள் கூடுகின்றன, வீடு திரும்பிய பிறகும் மாதக் கணக்கில் நினைவும் கவனமும் தடுமாறக்கூடும். அதைக் கண்டுபிடிக்கக் கட்டிலருகில் நின்று சில நிமிடங்களில் செய்துவிடக்கூடிய 'கேம்-ஐசியு' என்ற சோதனை 2001-லேயே வெளிவந்துவிட்டது. அதற்கு ஸ்கேன் வேண்டாம், இரத்தம் எடுக்க வேண்டாம். நோயாளியிடம் பேசினால் போதும்.

என் அம்மாவிடம் யாரும் பேசவில்லை. வாய் பேசாமல், சொன்னதைச் செய்துகொண்டு கிடக்கிற ஒரு வயதான பெண்ணைப் பார்த்து ஏன் யாருக்கும் சந்தேகம் வரவில்லை? பெண் என்றால் அப்படித்தானே இருப்பாள் என்று நாம் எல்லோரும் நம்புவதால்தான். அந்தப் பெரியவர் பேசாமல் கிடந்திருந்தால் அவர் மகனாவது "அப்பா இப்படி இருக்கமாட்டாரே" என்று கேட்டிருப்பான். அம்மா அமைதியாக இருப்பதில் எனக்கே ஆச்சரியம் வரவில்லை. பெண்ணியம் படித்தவள், கல்லூரியில் பாடம் நடத்துகிறவள் நான்.

டெலிரியத்துக்குக் காரணம் ஒன்றல்ல. தொற்று, ஆக்சிஜன் குறைவு, சில மருந்துகள், வயது எல்லாம் சேர்ந்துதான் அதைக் கொண்டுவருகின்றன. அந்தப் பட்டியலில், கை வைத்தால் மாற்றக்கூடிய ஒன்று தூக்கம். ஐசியுவில் ஒரு இரவு எப்படிக் கழிகிறது என்பதை நான் ஆறாம் நாள்தான் பார்த்தேன். நைட் டியூட்டியில் இருந்த இளம் நர்ஸ், "அக்கா, சத்தம் போடாம இருப்பீங்கன்னா கொஞ்ச நேரம் உள்ள உட்காருங்க" என்றாள். இரண்டு மணிக்குப் போய் உட்கார்ந்தேன்.

கூரை விளக்குகள் அத்தனையும் எரிந்துகொண்டிருந்தன. பகலா இரவா என்று காட்ட ஒரு ஜன்னல் கிடையாது. ஒரு மானிட்டர் கத்தும். அது ஓய்வதற்குள் இன்னொன்று கத்தும். பெரும்பாலும் விரலில் மாட்டிய கிளிப் நழுவியிருக்கும், அவ்வளவுதான். மேசையில் போன் அடித்தது. யாரோ சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனார்கள். மணிக்கொருமுறை அம்மாவின் கையைப் பட்டை இறுக்கியது, ஒவ்வொரு முறையும் அவள் திடுக்கிட்டாள். மூன்றரைக்கு இரத்தம் எடுக்க வந்தார்கள். நாலு மணிக்குத் திரையைக்கூட முழுதாக இழுக்காமல் உடம்பு துடைத்து உடை மாற்றினார்கள்.

"நாலு மணிக்கு ஏம்மா?" என்று கேட்டேன்.

"எட்டு மணிக்குப் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார் அக்கா. அதுக்குள்ள ரிசல்ட் கையில இருக்கணும், பேஷண்ட் எல்லாம் சுத்தமா இருக்கணும். ஏழு மணிக்கு நாங்க டியூட்டி மாத்திக் குடுக்கணும். பன்னெண்டு பெட்டு, நாங்க மூணு பேரு. நாலு மணிக்கு ஆரம்பிச்சாத்தான் முடியும்."

நான் பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். எட்டு மணிக்கு அவர் வர வேண்டும் என்றால், ஏழு மணிக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும், நாலு மணிக்கு இவள் எழுந்துகொள்ள வேண்டும். இந்தக் கணக்கை எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். அப்பா ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக அம்மா எழுந்த கணக்கு இது. வீட்டில் எந்தக் கடிகாரத்துக்கு அவள் தூக்கத்தைக் கொடுத்தாளோ, அதே கடிகாரம் ஐசியு சுவரிலும் மாட்டியிருந்தது.

"உயிரைக் காப்பாத்துற இடத்துல தூக்கமா முக்கியம்?" இந்தக் கேள்வியை மருத்துவர்களிடமிருந்தும் உறவினர்களிடமிருந்தும் கேட்டுவிட்டேன். பதில் சொல்கிறேன். தூக்கம் சிகிச்சையின் எதிரி என்பது போல இந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. மருத்துவம் அப்படிச் சொல்லவில்லை. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் எழுதிய செவிலியம் பற்றிய நூலில் சத்தத்துக்கென்றே ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மருத்துவமனை வார்டில் இரவில் சராசரிச் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக்கூடாது என்றது. கிசுகிசுப்புப் பேச்சின் அளவு அது. உலகின் பல நாடுகளில் ஐசியுக்களை அளந்து பார்த்தவர்கள் 50 டெசிபலுக்கு மேல்தான் கண்டிருக்கிறார்கள். ஐசியு நோயாளிகள் 24 மணி நேரத்தில் தூங்கும் மொத்த நேரம் சில சமயம் இயல்பாகவே இருக்கும். ஆனால் அது துண்டு துண்டாக நொறுங்கியிருக்கும், ஏறக்குறைய பாதி பகலில் போயிருக்கும், ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் வெகுவாகக் குறைந்திருக்கும். தீவிர சிகிச்சை மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வலி, டெலிரியம் ஆகியவற்றோடு தூக்கத்தையும் ஒரு தலைப்பாகவே சேர்த்தது. இரவில் சத்தத்தையும் வெளிச்சத்தையும் குறைக்கச் சொன்னது.

"தூக்க ஊசி போட்டிருக்கோமே" என்பார்கள். மயக்கம் வேறு, தூக்கம் வேறு. கண் மூடியிருப்பதால் மூளை ஓய்வெடுக்கிறது என்று ஆகாது. பென்சோடயசெபைன் வகை மயக்க மருந்துகள் ஆழ்ந்த தூக்கத்தைக் குறைப்பவை, டெலிரியம் வரும் வாய்ப்பைக் கூட்டுபவை. கத்துகிறவரை ஊசி போட்டு அடக்குவதும், கத்தாதவளைப் பாராட்டிவிட்டு நகர்வதும் ஒரே அலட்சியத்தின் இரண்டு பக்கங்கள்.

செய்ய வேண்டியது என்ன? எந்திரம் இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. இரவு பத்து மணிக்குக் கூரை விளக்கை அணைத்துவிட்டு, தேவைப்படும் கட்டிலுக்கு மட்டும் சிறு விளக்கு போடலாம். போன் சத்தத்தைக் குறைக்கலாம். அலாரம் எந்த அளவில் அடிக்க வேண்டும் என்பதை அந்தந்த நோயாளிக்கு ஏற்ப மருத்துவர் மாற்றி எழுதலாம். நோயாளியின் நிலை சீராக இருந்தால் இரத்தம் எடுப்பது, மருந்து கொடுப்பது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாவற்றையும் ஒரே வேளையில் சேர்த்துச் செய்து, இடையில் இரண்டு மூன்று மணி நேரம் தொடாமல் விடலாம். கேட்பவருக்குக் காதடைப்பானும் கண் மறைப்பும் கொடுக்கலாம். பகலில் வெளிச்சம் வர வேண்டும், எழுந்து உட்காரவைக்க வேண்டும், பேச்சுக் கொடுக்க வேண்டும். மூக்குக் கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் பையில் போட்டு உறவினரிடம் கொடுக்காமல் நோயாளியிடம் கொடுக்க வேண்டும். அம்மாவின் கண்ணாடி ஆறு நாளும் என் கைப்பையில் இருந்தது. கண்ணும் தெரியாமல், நேரமும் தெரியாமல் கிடந்தவள் குழாய்ச் சத்தத்தைத்தானே பிடித்துக்கொள்வாள்?

எல்லாவற்றையும் நிறுத்திவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். வென்டிலேட்டரில் இருப்பவருக்குச் சளியை உறிஞ்சாமல் விட முடியாது. இரத்த அழுத்தம் தள்ளாடுகிறவரைக் கண்காணித்துத்தான் ஆக வேண்டும். படுக்கைப் புண் வராமல் புரட்டித்தான் ஆக வேண்டும். நான் கேட்பது அந்த வேலைகளை அல்ல. நாலு மணிக்கு உடம்பு துடைக்காவிட்டால் எந்த உயிர் போகும் என்று கேட்கிறேன்.

இந்த இடத்தில் கட்டுரை நர்ஸ் மேல் பாயும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். ஐசியுவில் வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஆளுக்கொரு நர்ஸ் இருக்க வேண்டும் என்பது நெறி. நான் பார்த்தது பன்னிரண்டு கட்டிலுக்கு மூன்று பேர். இரவு ஏழு மணிக்கு வந்து காலை ஏழு மணிக்குப் போகிற பெண்கள். தமிழ்நாட்டில் அரசே 2015-இல் ஒப்பந்த நர்சுகளை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்தபோதுதான் அந்தத் தொகை பலர் காதில் விழுந்தது. தனியார் நர்சுகளின் நிலையை ஆராய உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2016-இல் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான சிறு மருத்துவமனையிலும் மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. உங்களுக்குத் தெரிந்த ஒரு நர்சிடம் அவள் சம்பளத்தைக் கேட்டுப் பாருங்கள். நோயாளியைத் தூங்கவைப்பது நேரம் எடுக்கும் வேலை. பக்கத்தில் நிற்க வேண்டும், கையைப் பிடிக்க வேண்டும், "இது ஆஸ்பத்திரிம்மா, ராத்திரி பன்னெண்டு மணி ஆச்சு, நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். பில்லில் இதற்கு ஒரு வரி கிடையாது. பில்லில் வராத வேலைக்கு ஆள் போடமாட்டார்கள். வீட்டில் சம்பளமில்லாமல் நடக்கிற பராமரிப்பு, மருத்துவமனையில் நேரமில்லாமல் நடக்காமலே போகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெண்ணுக்குத் தூங்கவே பயம். அந்த ஐசியுவில் ஆணும் பெண்ணும் அடுத்தடுத்த கட்டிலில். முன்பக்கமோ பின்பக்கமோ திறந்த ஒரு கவுன். அறிமுகமில்லாத ஆண்கள் வந்து போகிறார்கள். நான் உட்கார்ந்திருந்த அந்த இரவில் அம்மாவின் இடது கை கவுனின் விளிம்பை விடவேயில்லை. புத்தி தடுமாறியபோதும் அந்தக் கை தடுமாறவில்லை. அந்நிய ஆண் இருக்கும் இடத்தில் அயர்ந்து தூங்காதே என்று அறுபது வருடம் கற்றுக்கொடுத்துவிட்டு, ஐசியுவில் மட்டும் தூங்கு என்றால் உடம்பு எப்படிக் கேட்கும்? முழுதாக இழுத்த ஒரு திரையும், உடம்பு துடைக்க ஒரு பெண் கையும், தொடுவதற்கு முன் சொல்லும் ஒரு வார்த்தையும் பெண் நோயாளிக்குத் தூக்க மருந்தில் பாதி.

அந்தப் பயம் வீண் பயமும் அல்ல. 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், இரவுப் பணியின் நடுவே கருத்தரங்கு அறையில் ஓய்வெடுக்கப் போன இளம் பெண் மருத்துவர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். தான் வேலை செய்த மருத்துவமனையில் ஒரு பெண் கண்ணயர்ந்ததற்கு நேர்ந்த கதி அது. அதன் பிறகு அந்த மாநில அரசு சொன்ன யோசனைகளில் ஒன்று, முடிந்தவரை பெண்களுக்கு இரவுப் பணி கொடுப்பதைத் தவிர்க்கலாம் என்பது. உச்ச நீதிமன்றமே அதைத் திருத்தச் சொன்னது. இரவைப் பெண்ணுக்குப் பாதுகாப்பாக்கு என்று கேட்டால், இரவிலிருந்து பெண்ணை அப்புறப்படுத்துகிறார்கள். கட்டிலில் கிடப்பவளை எங்கே அப்புறப்படுத்துவார்கள்?

ஐசியு கதவுக்கு வெளியேயும் பெண்கள்தான். தரையில் பாயும் போர்வையும், தலைமாட்டில் பிளாஸ்கும். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவு திறந்து நோயாளியின் பெயரைச் சொல்லி "அட்டெண்டர் யாரு?" என்று கூப்பிடுவார்கள். எல்லாப் பெண்களும் விழித்துக்கொள்வார்கள். யாருடைய பெயர் என்று தெரியும்வரை எல்லார் நெஞ்சும் அடித்துக்கொள்ளும். சீட்டை வாங்கிக்கொண்டு ஒருத்தி மருந்துக் கடைக்கு ஓடுவாள். படிவத்தில் கையெழுத்துப் போட என் அண்ணன் வந்தான். போட்டுவிட்டு "காலையில ஆபீஸ் இருக்கு" என்று போய்விட்டான். எனக்கும் காலையில் வகுப்பு இருந்தது. நான் லீவு போட்டேன். மதினி மூன்று வேளையும் கஞ்சி கொண்டுவந்தாள். அண்ணனை யாரும் குறை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அதனால் ஒரு எச்சரிக்கை. குடும்பத்தார் அருகில் இருந்தால் நோயாளிக்குக் குழப்பம் குறையும், தூக்கம் வரும் என்று மருத்துவம் சொல்கிறது. உண்மைதான். நான் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டிவிட்டு, "தண்ணிய அண்ணன் புடிச்சுட்டான்மா, எல்லாக் கொடமும் ரொம்பிருச்சு" என்று சொன்ன அந்த இரவில்தான் அம்மா ஒன்றரை மணி நேரம் தொடர்ந்து தூங்கினாள். நாலு மணிக்கு எழுப்பிவிட்டார்கள் என்பது வேறு. ஆனால் இந்த உண்மையை வைத்துக்கொண்டு, "மகள் இருக்காங்கல்ல, பாத்துக்குவாங்க" என்று ஒரு நர்சைக் குறைக்க நிர்வாகம் தயங்காது. நாம் கேட்பது உள்ளே வருவதற்கான உரிமை. ஆள் பற்றாக்குறையை ஈடுகட்டும் கூலியில்லா வேலை அல்ல. உள்ளே வந்து கையைப் பிடிக்கிற வேலை மகனுக்கும் உண்டு, கணவனுக்கும் உண்டு. இரவுக் காவலைப் பெண்ணுக்கு மட்டும் எழுதிவைத்த சட்டம் எங்கேயும் இல்லை.

அம்மா பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தாள். பல வாரங்களுக்கு ராத்திரி மூன்று மணிக்கு விழித்து, தான் எங்கே இருக்கிறோம் என்று கேட்டாள். ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி அவளிடம் கேட்டால், "ஒருத்தரும் கொடம் எடுத்துத் தரல" என்பதைத் தவிர வேறு எதுவும் நினைவில்லை.

இதைப் படிக்கிற நீங்கள் நாளை ஒரு ஐசியு வாசலில் நிற்கலாம். அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் சிலவற்றை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இரவு எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பீர்கள்? இந்த வார்டில் எத்தனை கட்டிலுக்கு எத்தனை நர்ஸ்? காலை இரத்தப் பரிசோதனையை ஆறு மணிக்குத் தள்ளிவைக்க முடியாதா? டெலிரியம் இருக்கிறதா என்று யார், எப்போது பார்த்தார்கள்? கண்ணாடியை உள்ளே கொடுக்கலாமா? கேள்வி கேட்டால் தொந்தரவான அட்டெண்டர் என்று பெயர் வரும். வரட்டும்.

உங்கள் அம்மாவை, அக்காவை, தோழியைக் காட்டி யாராவது "அமைதியான பேஷண்ட்" என்று பாராட்டினால், நான் செய்ததைப் போலப் புன்னகைத்துவிட்டு வெளியே வராதீர்கள். அருகில் போய், அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இது எந்த ஊர், இன்று என்ன கிழமை, நான் யார் என்று கேளுங்கள்.